ஃபார்மேட்டுக்கு முன்னால்

"அண்ணே, ஓஎஸ் போயிருச்சு. ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துருங்க." சிவகாசியில் நாங்கள் நடத்தும் கணினி பழுதுபார்ப்புக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, "உள்ள என்ன இருக்கு?" என்பதுதான்.

ஓஎஸ்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் அது உலகம் முழுக்க ஒரே பிரதி. பட்டாசுக் கடையின் பத்து வருடக் கணக்கோ, அச்சகத்தின் காலண்டர் டிசைனோ அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருக்கும். பழுது என்று நாம் சொல்லும் வேலையின் பெரும்பகுதி ஓஎஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிய வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த வேலை ஒரு பென்டிரைவை மாட்டி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, பழுதான டிஸ்க்கையும் பேக்கப் எடுக்கப்போகும் டிரைவையும் சரியாக மவுண்ட் செய்வதில் தொடங்குகிறது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் டேட்டா பிழைப்பதும் அழிவதும் இந்த இடத்தில்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை அரசு மடிக்கணினிகள். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது, பலவற்றில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒன்றாக இருந்தன. பையன்கள் விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பார்கள். பெயரில்லாத ஒரு பகுதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை அழித்து, படத்துக்கும் பாட்டுக்கும் இடம் பண்ணுவார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி நிற்கும்.

நடந்தது இதுதான். கணினியைக் கிளப்பும் கிரப் நிரலின் சின்னஞ்சிறு தலைப்பகுதி டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கிறது. மீதி உடம்பு லினக்ஸ் பகுதிக்குள் இருந்தது. உடம்பை அழித்துவிட்டதால் தலை எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பல கடைகளில் "டிஸ்க் காலி, ஃபார்மேட்தான்" என்று சொல்லிவிடுவார்கள். பிளஸ் டூ புராஜெக்ட், நோட்ஸ், குடும்பப் படங்கள் எல்லாம் அதோடு போகும். லைவ் பென்டிரைவில் உபுண்டுவைக் கிளப்பி, அந்த விண்டோஸ் பகுதியை மவுண்ட் செய்து, உள்ளே எல்லாக் கோப்புறைகளும் அப்படியே இருப்பதைப் பையனிடம் திரையில் காட்டுவேன். பிறகு விண்டோஸின் பூட் கோடைத் திரும்ப எழுதினால் வேலை முடிந்தது. கிளம்பாத கணினி வேறு, அழிந்த டேட்டா வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தத் தொழிலில் ஏராளமான டேட்டா வீணாக அழிகிறது.

பென்டிரைவை மாட்டியதும் அது 'வந்துவிட்டது' என்று நினைப்பது அடுத்த தவறான எண்ணம். அது மூன்று பேர் கண்ணில் தனித்தனியாகப் பட வேண்டும். முதலில் மதர்போர்டின் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ தன் சொந்த நிரலால் அதைப் படிக்கிறது. பிறகு கெர்னல் ஏறி, பயாஸை விலக்கிவிட்டு, தன் டிரைவரைக் கொண்டு அதே பென்டிரைவைப் புதிதாகத் தேடுகிறது. கடைசியில் அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தை அடையாளம் கண்டு ஒரு கோப்புறையோடு இணைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் மவுண்ட்.

இந்தப் படிகள் தனித்தனி என்பதை விண்டோஸ் 7 எங்களுக்கு நன்றாகவே காட்டியது. பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் ஆரம்பிக்கும், லோகோ வரும், மொழி கேட்கும், பிறகு திடீரென்று ஏதோ டிரைவர் இல்லை என்று நின்றுவிடும். பென்டிரைவை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டியிருப்பார்கள். பயாஸுக்கு அந்த போர்ட் தெரியும். விண்டோஸ் 7-இன் இன்ஸ்டாலருக்கு யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. கறுப்பு போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். 2015-இல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டது. எல்லா போர்ட்டும் ஒரே புதிய கன்ட்ரோலர் வழியாகப் போனதால், யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும்கூட பாதியில் செத்தன. டிரைவரை இன்ஸ்டால் பென்டிரைவுக்குள்ளேயே சேர்த்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. லைவ் லினக்ஸும் சில நேரம் பாதியில் நின்று, தான் கிளம்பி வந்த பென்டிரைவையே காணோம் என்று சொல்லும். அப்போது பென்டிரைவைக் குறை சொல்லாமல் போர்ட்டை மாற்றிப் பார்ப்பது இந்த அனுபவத்தில் வந்த பழக்கம்.

அடுத்தது எது எது என்று அடையாளம் காண்பது. விண்டோஸில் சி, டி, இ என்று எழுத்துகள். லினக்ஸில் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர். அந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. எது முதலில் கண்ணில் படுகிறதோ அது எஸ்டிஏ. நேற்று எஸ்டிபியாக இருந்த பென்டிரைவ் இன்று எஸ்டிஏவாக வரலாம். எங்கள் கடையில் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது: பெயரை நம்பாதே, அளவைப் பார், மாடல் பெயரைப் பார். டிஸ்க்குகளின் பட்டியலைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளை அளவைக் காட்டும்; விருப்பம் சேர்த்துக் கேட்டால் மாடலையும் காட்டும். அட்டையில் 500 ஜிபி என்று போட்ட ஹார்டு டிஸ்க் அங்கே 465 என்றும், ஒரு டிபி டிஸ்க் 931 என்றும், 32 ஜிபி பென்டிரைவ் 29-ஐ ஒட்டியும் தெரியும். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணினி 1,024 ஆகப் பெருக்குகிறது. இந்த எண்கள் மனப்பாடமாக இருந்தால் எந்த டிஸ்க் எது என்பதில் குழப்பம் வராது.

விண்டோஸ் பக்கத்திலும் இதே கவனம் தேவை. ரிக்கவரி திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தால் நிற்குமிடம் எக்ஸ் டிரைவ். அது ரேமில் தற்காலிகமாக உருவானது. வழக்கமான சி டிரைவ் அங்கே டியாகவோ இயாகவோ மாறியிருக்கலாம். எழுத்தை மட்டும் நம்பிக் கட்டளை கொடுத்தால் தவறான இடத்தில் விழும். நான் அங்கேயே நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுப்பேன். அந்தச் சின்ன ஜன்னலில் எல்லா டிரைவும் அளவோடும் பெயரோடும் தெரியும். கோப்புகளைப் பென்டிரைவுக்கு காப்பி செய்யவும் அதுவே போதும்.

அடையாளம் தெரிந்த பிறகும் உடனே கை வைக்கக் கூடாது. பழுதான டிஸ்க்கை முதலில் 'படிக்க மட்டும்' என்ற நிபந்தனையோடு மவுண்ட் செய்ய வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது போன்றது இது. எங்கள் ஊரில் கரன்ட் போய் வரும்போது, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன அச்சகங்களில் கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். ஃபைல் சிஸ்டம் பாதி வரியில் நிற்கும். அந்த நிலையில் புதிதாக ஒரு பைட் எழுதினாலும், மீட்கக்கூடிய ஏதோ ஒன்றின் மேல் அது விழலாம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 இன்னும் நுட்பமானது. படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தாலும், முடியாமல் நின்ற எழுத்து வேலைகளைத் தன் ஜர்னலிலிருந்து எடுத்து முடித்துவிடும். அதாவது டிஸ்க்கில் எழுதும். நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மையிலேயே சும்மா இருக்கும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டார்கள் ஏறிக்கொண்டே போனாலோ மவுண்ட் செய்வதே தவறு. டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு நல்ல டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில்தான் மற்ற வேலைகள்.

விண்டோஸ் டிஸ்க்கில் வேறொரு தடை வரும். லினக்ஸிலிருந்து திறந்தால், உறக்கநிலையில் இருக்கிறது என்று சொல்லி எழுத விடாது. "நான் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானே கொண்டு வந்தேன்" என்பார் வாடிக்கையாளர். அவர் சொல்வது சரிதான். விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கெர்னலின் நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. டிஸ்க்கின் கணக்கு இன்னும் விண்டோஸின் ஞாபகத்தில் திறந்தே கிடக்கிறது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்யவும் வழி உண்டு. ஆனால் காப்பி எடுக்க எழுதும் உரிமை தேவையே இல்லை. படிக்க மட்டும் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு அந்த முடிவுக்குப் போகலாம். விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் ரீஸ்டார்ட் கொடுத்தாலோ, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலோ முழுமையாக மூடிக்கொள்ளும்.

எதை காப்பி எடுப்பது என்பதில்தான் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். "சி டிரைவ்ல ஒண்ணுமில்லண்ணே, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு" என்பார்கள். டெஸ்க்டாப் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது. டேலி கணக்கு பெரும்பாலும் சி டிரைவிலேயே, எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளில் கிடக்கும். அது தேவையில்லாத குப்பை போலத் தெரியும்; ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஒரு கம்பெனியின் முழுக் கணக்கு.

அச்சகக் கணினியாக இருந்தால் நான் டிசைன்களுக்கும் முன்னால் எடுப்பது ஃபான்ட்டுகளை. யுனிகோடு பரவுவதற்கு முன்பு இங்கே டிடிபி வேலை முழுக்க வானவில், ஸ்ரீலிபி, பாமினி போன்ற எழுத்துருக்களில் நடந்தது. பல இடங்களில் இன்றும் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வரிசை. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலைந்து கிடக்கும். கோப்பு பத்திரமாக இருந்தும் ஒரு வரி படிக்க முடியாது. அந்த ஃபான்ட்டை விற்றவர் இன்று தொழிலிலேயே இல்லாமல் இருக்கலாம். ஃபான்ட்டுகள் இரண்டு இடங்களில் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, ஒரு பயனர் தனக்கு மட்டும் நிறுவிய ஃபான்ட்டுகள் விண்டோஸ் கோப்புறைக்குப் போகாமல் அவருடைய ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கின்றன.

ஆடிப்பெருக்கு நெருங்கும் ஒரு நாளில் ஓர் அச்சக முதலாளி சிபியுவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். "ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் வெளிய வரணும் தம்பி, பார்ட்டி எல்லாம் காத்துக் கெடக்காங்க" என்றார். விண்டோஸ் சுற்றிச் சுற்றி ரிப்பேர் திரைக்கே வந்துகொண்டிருந்தது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தது. படிக்க மட்டும் மவுண்ட் செய்ததும் அவருடைய கோரல்டிரா கோப்புகளும் ஃபோட்டோஷாப் கோப்புகளும் முழுதாகத் தெரிந்தன. "அண்ணாச்சி, எல்லாம் இருக்கு" என்று சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

காப்பி எடுக்க அவர் கொண்டு வந்த பென்டிரைவ் எஃப்ஏடி32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. டிரைவில் இடம் காலியாக இருந்தாலும் பெரிய கோப்பு ஏறாது. போதிய இடமில்லை என்று கணினி சொல்வதும் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. லினக்ஸ் கணினியைப் பேக்கப் எடுப்பதானால் இந்த இரண்டுமே போதாது. கோப்பின் உரிமையாளர் யார், யார் படிக்கலாம் என்ற விவரங்களை இவை சேமிப்பதில்லை. அந்த வேலைக்கு ஈஎக்ஸ்டி4-இல் ஒரு தனி டிரைவ் வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி எடுக்கலாம்.

காப்பி முடிந்தது என்று திரை சொல்வதும் முடிவு அல்ல. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கிக்கொள்கிறது. இரண்டு ஜிபி கோப்பு சில நொடிகளில் முடிந்ததாகத் தெரியும். நொடிக்கு பத்து எம்பி எழுதும் பழைய பென்டிரைவில் அது உண்மையில் போய்ச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிடுங்கினால், கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும். அன்மவுண்ட் கொடுத்து, அது முடிந்து பிராம்ப்ட் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். டிரைவ் பிஸியாக இருக்கிறது என்று மறுத்தால், பெரும்பாலும் நாமே டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருப்போம். இல்லையென்றால் எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் சொல்லும். எடுத்த பிறகு அதே டிரைவை வேறொரு கணினியில் மாட்டி, இரண்டு மூன்று பெரிய கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே பழுதான டிஸ்க்கில் எழுத எங்கள் கடையில் அனுமதி.

சில சமயம் யுஎஸ்பி டிரைவே நோய்க்குக் காரணமாக இருக்கும். ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வர் திடீரென்று எமர்ஜென்சி மோடில் நின்றது. பேக்கப்புக்காக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை நிரந்தரமாக மாட்டி, கிளம்பும்போது எவற்றை மவுண்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பிறகு யாரோ அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கணினி கிளம்பும்போது அந்த டிஸ்க்கைத் தேடி 90 நொடி காத்திருக்கிறது. வரவில்லை என்றதும், இல்லாமல் முடியாத ஒன்று காணாமல் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு முழுவதுமாக நின்றுவிடுகிறது. சர்வரில் எந்தப் பழுதும் இல்லை. அந்த வரியில் நோஃபெயில் என்ற ஒரு சொல் இருந்திருந்தால் டிஸ்க் இல்லாமலே கிளம்பியிருக்கும்.

அந்தச் சர்வரில் ரூட் கணக்கு பூட்டியிருந்ததால் உள்ளே போகவும் வழியில்லை. லைவ் பென்டிரைவிலிருந்து கிளப்பி, சர்வரின் ரூட் பகுதியை எம்என்டி கோப்புறையில் மவுண்ட் செய்தேன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எம்என்டிக்குள் இருக்கும் எஃப்எஸ்டேபைத் திருத்துவதற்குப் பதிலாக, புதியவர்கள் பழக்கத்தில் வழக்கமான இடத்தில் இருப்பதைத் திறந்துவிடுவார்கள். அது லைவ் பென்டிரைவின் சொந்தக் கோப்பு. திருத்தி, சேமித்து, ரீஸ்டார்ட் செய்தால் எதுவுமே மாறியிருக்காது. கிரப்பைத் திரும்பப் போட வேண்டிய வேலையில் இந்தத் தெளிவு இன்னும் அவசியம். ரூட் பகுதி, அதற்குள் ஈஎஃப்ஐ பகுதி, பிறகு டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, அதன் பின்னரே சிஎச்ரூட் கொடுத்து அந்தக் கணினியின் லினக்ஸுக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு கட்டளையிலும் இப்போது எந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வருகிற லேப்டாப்புகளில் இத்தனையும் சரியாகச் செய்தாலும் கதவு திறக்காமல் போகலாம். விண்டோஸ் 11-இல் டிஸ்க் பல நேரம் உரிமையாளர் அறியாமலே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. வெளியிலிருந்து மவுண்ட் செய்ய 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தீர்வு எளியது: சேஃப் மோடிலோ ரிக்கவரியிலோ போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு யுஎஸ்பி கருவியையும் வெளியிட்டது. ஆனால் என்கிரிப்ட் ஆன கணினிகளில் அந்த ஒரு கோப்பைத் தொடுவதற்கே சாவி தேவைப்பட்டது. பல பெரிய நிறுவனங்களில்கூட ஆட்கள் கணினி கணினியாகப் போய் உட்கார்ந்து அதை அடித்தார்கள். எங்களைப் போன்றவர்கள் தினம் செய்யும் வேலையை அன்று உலகமே செய்தது.

அந்தச் சாவி பெரும்பாலும் லேப்டாப்பை முதன்முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைக் கடைக்காரர் தன் போக்கில் உருவாக்கிக் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அப்படி வருகிற லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. டிஸ்க் நல்லபடியாக இருந்தும் படங்களை எடுத்துத் தர முடியாது. கல்யாண ஆல்பத்தைத் தேடி வந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டி வந்தபோது, திறமை என்பது இங்கே ஒன்றும் செய்யாது என்பதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

அதனால் வேலையின் ஒரு பகுதியை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டோம். பழுது பார்த்த கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது பிட்லாக்கர் சாவியை அவர் கண் முன்னால் எடுத்து, அச்சடித்து, பில்லோடு சேர்த்துக் கொடுக்கிறோம். கணக்கின் மின்னஞ்சல் அவருடையதுதானா என்று பார்க்கிறோம். பேக்கப் எடுத்த டிரைவை அவர் கையாலேயே மாட்டித் திறந்து காட்டச் சொல்கிறோம். கடைப் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் வரிசை மாறவில்லை: அடையாளம் காண், படிக்க மட்டும் திற, வெளியே எடு, அன்மவுண்ட் செய், சரிபார், அதன் பிறகு ஓஎஸ்ஸைத் தொடு. ஃபார்மேட் அடிக்கச் சொல்லி வருகிறவரிடம், அவசரத்தில் இருந்தாலும், இதற்கு அரை நாள் கேட்டு வாங்குகிறேன். அவர் கேட்டது ஓஎஸ் என்றாலும், என்னை நம்பிக் கொடுத்திருப்பது உள்ளே இருப்பதை.